கேம் கார்ட்ரிட்ஜும் கல்யாணப் பத்திரிகை ப்ரெஸ்ஸும்

உங்க பொழுதுபோக்கு என்னன்னு யாராவது கேட்டா எனக்குக் கொஞ்சம் திண்டாட்டம்தான். ஸ்டாம்ப் சேர்க்கறேன், செடி வளர்க்கறேன்னு சொன்னா ஒரே வார்த்தையில முடிஞ்சிடும். "பழைய வீடியோ கேம் கார்ட்ரிட்ஜுக்கு டப்பாவும் லேபிளும் டிசைன் பண்றேன்"னு சொன்னா எதிராளி முகத்துல ஒரு அஞ்சு செகண்டுக்கு ஒண்ணுமே ஓடாது. அப்புறம் மெதுவா, "அந்த டப்பாவுல கேம் விளையாடலாமா?"ன்னு ஒரு கேள்வி வரும். விளையாட முடியாதுங்க. அது வெறும் அட்டை. உள்ளே கார்ட்ரிட்ஜை வச்சு மூடி, அலமாரியில நிக்க வச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். அவ்வளவுதான்.

தங்கமணி இதுக்கு ரொம்ப நாளா ஒரு பழமொழி வச்சிருக்காங்க. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இருநூறு ரூபா கார்ட்ரிட்ஜுக்கு ஐநூறு ரூபாய்க்கு அட்டைப்பெட்டி செய்றவனை வேற என்ன சொல்றது? :-)

ஆனா டப்பான்னா சும்மா இல்லைங்க. வீடியோ கேம் சரித்திரத்துல பாதி டப்பா மேலதான் எழுதியிருக்கு. நம்பலைன்னா கேளுங்க.

1977-ல அட்டாரி 2600 வந்தப்போ டி.வியில தெரிஞ்சது என்னமோ நாலு சதுரமும் ரெண்டு கோடும்தான். ஆனா டப்பா மேல? க்ளிஃப் ஸ்போன் மாதிரி ஓவியர்கள் போட்ட அட்டகாசமான பெயிண்டிங். விமானம் பாயும், கப்பல் எரியும், நடுவுல ஒரு ஆள் கண்ணு ரெண்டும் சிவக்க நம்மளையே பார்ப்பான். வீட்டுக்கு வந்து மாட்டினா ஒரு சதுரம் இன்னொரு சதுரத்தைச் சுடும். மீதியை நாமதான் கற்பனை பண்ணிக்கணும். டப்பாவோட வேலை அந்தக் கற்பனைக்கு விதை போடறது. நல்ல கேமா இருந்த வரைக்கும் யாரும் கோவிச்சுக்கல. அப்புறம் ஆளாளுக்குக் குப்பையா கேம் செஞ்சு, அதுக்கும் மேல தங்க முலாம் பூசின மாதிரி படம் போட்டு வித்தாங்க. 1983-ல அமெரிக்காவுல அந்த வியாபாரமே படுத்துடுச்சு. படம் மட்டுமே காரணம்னு சொல்ல வரல. ஆனா வாங்கினவங்களுக்கு டப்பா மேல இருந்த நம்பிக்கை போனது நிஜம்.

அதுக்கப்புறம் 1985-ல நிண்டெண்டோ அங்க என்.ஈ.எஸ் மெஷினை இறக்கினாங்க. முதல்ல வந்த கேம்களோட டப்பாவைப் பாருங்க. கறுப்பு அட்டை. அதுல கேமுக்குள்ள வர்ற அதே கட்டம் கட்டமான பொம்மை, பெரிசு பண்ணி. பிரம்மாண்டமும் இல்ல, பெயிண்டிங்கும் இல்ல. "இதாம்ப்பா உள்ள இருக்கு, பிடிச்சா வாங்கிக்கோ"ன்னு சொல்ற டப்பா. எனக்குத் தெரிஞ்சு டிசைன் பாடம் படிக்கறதுக்கு அதைவிட நல்ல டப்பா கிடையாது.

நேரெதிர் உதாரணமும் இருக்கு. 1987-ல கேப்காம் வெளியிட்ட 'மெகா மேன்'. உள்ளே வர்றது நீலக் கலர்ல குட்டியா ஒரு ரோபோ பையன், கையே பீரங்கி. அமெரிக்க டப்பா மேல இருந்ததோ, மஞ்சளும் நீலமுமா சட்டை போட்டு, காலை அகட்டிக்கிட்டு, கையில துப்பாக்கியோட நிக்கற ஒரு நடுத்தர வயசு மாமா. உலகத்துலயே மோசமான கேம் அட்டைன்னு அதுக்குப் பேரே வந்துடுச்சு. கேப்காமே அதைக் கிண்டலடிச்சு, 2012-ல வந்த ஒரு சண்டை கேம்ல அந்த மாமாவையே ஒரு பாத்திரமா தொந்தியோட இறக்கி விட்டாங்க!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

நம்மள்ல முக்காவாசிப் பேருக்கு இந்த டப்பா எதுவுமே தெரியாது. தொண்ணூறுகள்ல நமக்குக் கிடைச்சது ஜப்பான்ல 1983-ல வந்த ஃபாமிகாம் மெஷினோட நகல்கள். பர்மா பஜார்லயும் ரிச்சி ஸ்ட்ரீட்லயும், எங்க மதுரைக்காரங்களுக்கு டவுன்ஹால் ரோட்டுலயும் கிடைக்கும். 'டி.வி கேம்'னுதான் பேரு. கூடவே மஞ்சள் கலர் ப்ளாஸ்டிக்ல ஒரு கார்ட்ரிட்ஜ். டப்பா கிடையாது, புத்தகம் கிடையாது. கடைக்காரர் ஒரு பாலிதீன் கவர்ல போட்டுக் கொடுப்பார், மேல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அந்த ஸ்டிக்கர் இருக்கே, அதை நம்பினவன் கெட்டான். 'ஒன்பது லட்சத்துத் தொண்ணூத்தி ஒன்பதாயிரம் கேம்'னு போட்டிருக்கும். உள்ளே போனா மரியோ, கோட்டைச் சுட்டு டேங்க்கை அடிக்கறது, வாத்து சுடறது, கார் ரேஸ்னு ஒரு ஏழெட்டு. அதையே திருப்பித் திருப்பி வேற வேற பேர்ல அடுக்கி வச்சிருப்பான். படத்துக்கும் கேமுக்கும் சம்பந்தமே இருக்காது. ஏதோ இங்கிலீஷ் பட ஹீரோ மெஷின் கன்னோட நிப்பார்.

அதுல ஒரு வேடிக்கை பாருங்க. நாம உருண்டு புரண்டு விளையாடின 'கான்ட்ரா'வோட ஒரிஜினல் டப்பா ஓவியம் பாப் வேக்லின்ங்கற பிரிட்டிஷ் ஓவியர் போட்டது. அதுல துப்பாக்கியோட நிக்கற ஆள், 'ப்ரெடேட்டர்' படத்துல அர்னால்ட் நின்ன போஸ்லயே அப்படியே நிப்பார். ஆக, அசலே சினிமாவைப் பார்த்துப் போட்டதுதான். நம்ம டவுன்ஹால் ரோட்டு ஸ்டிக்கர்காரங்களை மட்டும் எதுக்குக் குறை சொல்லணும்?

இந்த டிசைன் கிறுக்கு எனக்கு வந்ததுக்குக் காரணம் ஜப்பான்காரங்க. டோக்கியோவுல கிச்சிஜோஜிங்கற பகுதியில மெட்டியோர்னு ஒரு கடை. அவங்க 2005-ல 'மை ஃபாமிகேஸ்'னு ஒரு கண்காட்சி ஆரம்பிச்சாங்க. இல்லாத ஒரு கேமை மனசுல நெனச்சுக்கிட்டு, அதுக்கு லேபிள் மட்டும் டிசைன் பண்ணி அனுப்பணும். அதை நிஜ ஃபாமிகாம் கார்ட்ரிட்ஜ்ல ஒட்டி, சுவர் பூரா வரிசையா வச்சிடுவாங்க. கூட ரெண்டு வரி கதை, அவ்வளவுதான். கேம் கிடையாது. பிற்பாடு அந்த லேபிள்களைப் பார்த்துட்டு, அதுக்கேத்த மாதிரி நிஜமாவே கேம் எழுதற போட்டியும் நடந்தது. டப்பா முதல்ல, கேம் பின்னாடி! முதல் தடவை அந்தப் படங்களைப் பார்த்த அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

இப்ப தொழில் ரகசியம் கொஞ்சம். செஞ்சு பார்க்கணும்னு யாருக்காவது தோணினா உபயோகப்படும்.

முதல்ல அளவு. ஃபாமிகாம் கார்ட்ரிட்ஜ் கிட்டத்தட்ட 11 செ.மீ அகலம், 7 செ.மீ உயரம், 1.7 செ.மீ கனம். நம்ம ஊர் நகல்கள்ல ஒண்ணுக்கொண்ணு ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கும். அதனால கையில இருக்கறதை அளந்துதான் ஆகணும். டப்பாவோட உள்ளளவு, மூணு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலா இருந்தா போதும். அதைவிட இறுக்கினா உள்ள போன கார்ட்ரிட்ஜ் வெளிய வராது. தளர்த்தினா ஆட்டும்போது லொடலொடங்கும்.

அட்டையை விரிச்ச மாதிரி வரையணும். முன்பக்கம், ஒரு ஓரம், பின்பக்கம், இன்னொரு ஓரம், கடைசியில ஒட்டறதுக்கு ஒரு சென்டிமீட்டர் நாக்கு. மேலயும் கீழயும் மூடி. பத்து நிமிஷத்துல புரிஞ்சிடும். புரியலைன்னா வீட்டுல இருக்கற பற்பசை டப்பாவைப் பிரிச்சுப் போட்டுப் பாருங்க, அதுதான் குரு.

படம். 300 டி.பி.ஐ-க்குக் குறையாம இருக்கணும். கேம்லேருந்து எடுத்த படம்னா ஒரு சங்கதி கவனிக்கணும். இந்த மெஷினோட திரை 256 புள்ளி அகலம், 240 புள்ளி உயரம்தான். அதை இஷ்டத்துக்குப் பெரிசு பண்ணினா ஓரமெல்லாம் மசமசன்னு ஆயிடும். முழு எண்ணாலதான் பெருக்கணும். நாலு மடங்கு பண்ணினா 1024 புள்ளி, அச்சுல கிட்டத்தட்ட 8.7 செ.மீ வரும். சாஃப்ட்வேர் அதை வழுவழுப்பாக்கப் பார்க்கும், அந்த வசதியை அணைச்சுடுங்க. கட்டம் கட்டமா, கத்தி மாதிரி ஓரத்தோட இருந்தாதான் அது அந்தக் காலத்துப் படம்.

கலர்ல ஏமாற்றம் வரும், தயாரா இருங்க. திரையில ஜொலிக்கற நீலமும் பச்சையும் நாலு கலர் மையில அச்சாகும்போது ஒரு சுத்து மங்கித்தான் போகும். ஒரே ஒரு பிரதி போட்டுப் பார்த்துட்டு அப்புறம் மீதியைப் போடறது நல்லது.

லேபிளுக்கு நான் போறது பைக் நம்பர் ப்ளேட் ஒட்டற ரேடியம் ஸ்டிக்கர் கடை. வினைல் ஸ்டிக்கர்ல ப்ரிண்ட் போட்டு, மேல பளபளன்னு லேமினேஷன் ஒட்டி, ஓரத்தை வளைவா மெஷின்லயே வெட்டிக் கொடுத்துடுவாங்க. டப்பாவுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கற ப்ரெஸ். 300 ஜி.எஸ்.எம் ஆர்ட் போர்டு அவங்ககிட்ட எப்பவும் இருக்கும். முக்கியமா, மடிக்கற இடத்துல கோடு அழுத்தித் தர்ற க்ரீசிங் மெஷின் இருக்கும். நான் போற ப்ரெஸ்காரர் முதல் தடவை என் டிசைனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "மாப்பிள்ளை பேரு எங்க சார் வருது?"ன்னு கேட்டார். இப்பல்லாம் பழகிட்டார். "என்ன சார், இந்த மாசம் எந்த விளையாட்டுக்குக் கல்யாணம்?"ங்கறார்.

வீட்டுலயே செய்யணும்னா ரீஃபில் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா போதும். ஸ்கேலை வச்சு அழுத்தி ஒரு இழு இழுத்துட்டு மடிச்சா அட்டை மேல இருக்கற மை விரிசல் விடாது. பழைய ஸ்டிக்கர் பசை போகலைன்னா நீலகிரித் தைலம் ரெண்டு சொட்டு. ஊற வச்சுடாம உடனே துடைச்சிடுங்க, ப்ளாஸ்டிக்குக்கு ஆகாது.

இதெல்லாம் கைவேலை. இனிமே சொல்லப்போறதுதான் எனக்கு முக்கியமா படறது.

டப்பாங்கறது இப்ப பெரிய பணம். 1987-ல அமெரிக்காவுல பண்டாய் கம்பெனி 'ஸ்டேடியம் ஈவென்ட்ஸ்'னு ஒரு கேம் விட்டாங்க. கால்ல மிதிச்சு விளையாடற பாயோட சேர்ந்தது. அந்தப் பாயோட உரிமையை நிண்டெண்டோ வாங்கிட்டு, கேமோட பேரை 'வேர்ல்டு க்ளாஸ் ட்ராக் மீட்'னு மாத்திட்டாங்க. பழைய பேர்ல இருந்ததைக் கடையிலேருந்து திரும்ப எடுத்துட்டாங்க. உள்ளே ஓடற விளையாட்டு கிட்டத்தட்ட ஒண்ணேதான். ஆனா புதுப் பேர்ல இருக்கறது சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பழைய பேர்ல பிரிக்காத டப்பா ஒண்ணு 2017-ல நாற்பதாயிரம் டாலருக்கு மேல போச்சு. 2021 ஜூலையில பிரிக்காத 'சூப்பர் மரியோ 64' ஒண்ணு 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. ஒரு கோடிப் பிரதிக்கு மேல வித்த கேம் அது! கேமுக்கா அந்த விலை? பிரிக்காத அட்டைக்கு.

அப்ப அட்டை அடிக்கத் தெரிஞ்சவன்கிட்ட என்ன கேட்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. போன வருஷம் ஒருத்தர் தேடிப் பிடிச்சுப் பேசினார். ரொம்ப மரியாதையான மனுஷர். ஒரு பழைய அமெரிக்க கேமோட டப்பா, இருபத்தஞ்சு பிரதி வேணும்னார். சொன்ன தொகை என் ஒரு மாசச் சம்பளத்துல பாதி. நான் செய்ற எல்லா டப்பாவுலயும் மேல் மூடியோட உள்பக்கம் 'இது அசல் அல்ல, பிற்காலத்தில் செய்தது'ன்னு வருஷத்தோட ஒரு வரி இருக்கும். கம்பெனி முத்திரை எதையும் போட மாட்டேன். அவர், "அந்த ஒரு வரி மட்டும் வேண்டாம் சார், முத்திரை மட்டும் போட்டுடுங்க"ன்னார். அது ஏன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வரி இருந்தா அது அலங்காரம். இல்லைன்னா எவனோ ஒருத்தன் சேர்த்து வச்ச பணம். முடியாதுன்னு சொல்லிட்டேன். "நீங்க இல்லைன்னா வேற ஆள்"னு சொல்லிட்டு வச்சுட்டார். உண்மைதான், வேற ஆள் கிடைச்சிருப்பாங்க. அதுக்காக நான் செய்யணும்னு இல்லையே.

கடைசியா ஒரு டப்பா பத்திச் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். இதுவரைக்கும் நான் செஞ்சதுல எனக்குப் பிடிச்சது அதுதான்.

மதுரையில எங்க தாத்தா வீடு ரெண்டு பங்கா பிரிஞ்சப்போ எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்னு போச்சு. பதினாலு வருஷம். ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தர் போறதில்ல. எங்க பங்கை விக்கறதுன்னு முடிவாகி, பரணைக் காலி பண்ண நான்தான் போனேன். பித்தளை அண்டாவுக்குப் பின்னாடி ஒரு மஞ்சப்பை. உள்ளே அதே மஞ்சள் கார்ட்ரிட்ஜ். கான்ட்ரா. பெரியப்பா பையன், எனக்கு அண்ணன் முறை, அவன் ஒரு முழுப் பரீட்சை லீவு பூரா காசு சேர்த்து வாங்கினது. ஸ்டிக்கர் பாதி உரிஞ்சு, அர்னால்டுக்குத் தலை மட்டும் இல்ல. மிச்சம் இருந்த இடத்துல நீலப் பேனாவால அவன் கையெழுத்து: 'தொடாதே. தொட்டால் அடி.' அதுக்குக் கீழ பென்சில்ல குட்டிக் குட்டியா கோடு. எத்தனாவது கட்டம் வரைக்கும் போனோம்னு நான் போட்ட கணக்கு.

வழக்கமா பழைய ஸ்டிக்கரை உரிச்சுட்டுப் புதுசு ஒட்டறதுதான் என் வேலை. தைலம் பாட்டிலைக் கையில எடுத்தும் வச்சேன். ஆனா எதைப் புதுசு பண்றது? ஒரிஜினல் அமெரிக்க லேபிளை அச்சு அசலா என்னால செய்ய முடியும். அந்த லேபிளை நானும் பார்த்ததில்ல, அண்ணனும் பார்த்ததில்ல. எங்களுக்கு கான்ட்ரான்னா இந்தத் தலையில்லாத அர்னால்டும் 'தொட்டால் அடி'யும்தான். அதை உரிச்சா அப்புறம் அது எவனோ ஒரு அமெரிக்கப் பையனோட கார்ட்ரிட்ஜ்.

பாட்டிலை மூடி வச்சுட்டேன். ஸ்டிக்கர் மேல தொடவே இல்ல. டப்பா மட்டும் செஞ்சேன். முன்பக்கம் தாத்தா வீட்டு மொட்டைமாடி, ஆன்டெனா, தண்ணித் தொட்டி, எல்லாம் கட்டம் கட்டமா. அதுல ரெண்டு பொடிப் பசங்க, ஒருத்தன் நீலம், ஒருத்தன் சிவப்பு, துப்பாக்கியோட பல்டி அடிக்கறாங்க. முன்பக்கத்துல தெரியற மாதிரி ஒரு ஜன்னல் வெட்டி, 'தொடாதே'ங்கற எழுத்து மட்டும் அது வழியா எட்டிப் பார்க்கும். பின்பக்கம் விளையாட்டு விதிகள். விளையாடினவங்களுக்கு ஞாபகம் இருக்கும், மூணாவது கட்டம் அருவி. மேல மேல தாவி ஏறணும். ஒருத்தன் வேகமா ஏறிட்டா திரையும் அவனோட ஏறிடும், கீழ இருக்கறவன் செத்துடுவான். எத்தனை நாள் அதுக்காக அழுதிருக்கேன்! விதி நம்பர் ஒண்ணுன்னு போட்டேன்: 'அருவியில் மெதுவாக ஏறவும். கீழே தம்பி இருக்கிறான்.'

அண்ணன் இப்ப மஸ்கட்ல. எடுத்துக்கிட்டுப் பெரியம்மா வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தாங்க. "எளைச்சுப் போயிட்டியேப்பா"ன்னாங்க. காப்பி வந்தது. வீட்டைப் பத்தி அவங்களும் பேசல, நானும் பேசல. "அண்ணன் லீவுக்கு வந்தா இதைக் கொடுத்துடுங்க பெரியம்மா"ன்னு வச்சுட்டு வந்துட்டேன்.

ரெண்டு மாசம் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரு ராத்திரி போன்ல குரல் செய்தி. பதினாலு வருஷத்துக்கப்புறம் அந்தக் குரல். "டேய், அருவியில நான் ஒண்ணும் வேகமா ஏறல. நீதான் எப்பவும் லேட்டு." அவ்வளவுதான். பாகப்பிரிவினை விஷயமெல்லாம் அப்படியேதான் இருக்கு, பெரியவங்க யாரும் இன்னும் இறங்கி வரல. நாங்க ரெண்டு பேரு மட்டும் அப்பப்ப பேசிக்கறோம். பெரும்பாலும் யார் லேட்டுங்கறதைப் பத்தித்தான்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு மஞ்சள் கார்ட்ரிட்ஜ் கிடக்கலாம். கிடைச்சா ஸ்டிக்கரை உரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க. யாராவது ஏதாவது எழுதி வச்சிருப்பாங்க.

டிஸ்கி: டப்பா அளவு வரைஞ்சு வச்சது கேட்டா தர்றேன், காசெல்லாம் வேண்டாம். மூடிக்கு உள்பக்கம் இருக்கற அந்த ஒரு வரியை மட்டும் அழிக்காம அச்சடிங்க.

பி.கு: தங்கமணி இதைப் படிச்சுட்டு, சுண்டைக்காய் பழமொழியை வாபஸ் வாங்கறதா இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க. :-)